ஆட்டக்காரி தயார், ஆடத்தான் இடமில்லை!

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வாசகர், "நீங்கள் பின்தொடர்ந்த விளையாட்டு வீராங்கனைகளில் முதல் இடம் யாருக்கு?" என்று கேட்டிருந்தார். "கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரி ஹேலி விக்கன்ஹைசர்" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். டென்னிஸையோ தடகளத்தையோ எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி "யார் அது?" என்கின்றன, மீதி "ஏன் அவர்?" என்கின்றன. ஒற்றை வரியில் தப்பித்ததற்கு அபராதமாக இந்த வாரம் முழுக்க ஹேலிதான்.

நாங்கள் பார்த்து வளர்ந்தது தயான்சந்த் ஆடிய ஹாக்கி. பனியில் ஆடுவது எப்படி வேறுபடுகிறது? (ஒரு பள்ளி ஆசிரியை)

மட்டையும் கோல் வலையும் இருக்கின்றன, பந்து கிடையாது டீச்சர். அதற்குப் பதில் 'பக்' என்று கெட்டி ரப்பரில் ஒரு வில்லை. எடை சுமார் 170 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் கனம். பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம் ஆடியதுமே மூச்சு முட்டிவிடும் என்பதால், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டிக் குதித்து ஆள் மாற்றிக்கொள்வார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு யார் உள்ளே, யார் வெளியே என்பதே பிடிபடாது.

ஆண்கள் ஆட்டத்தில் பக் வைத்திருப்பவரை உடம்பால் இடித்துத் தள்ளலாம். 1990-ல் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் பெண்களுக்கும் அது அனுமதிக்கப்பட்டது, பிறகு உலகப் போட்டிகளில் தடை வந்தது. தடை இருந்தால் சாதுவான ஆட்டமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவும் அமெரிக்காவும் மோதும் ஆட்டத்தைப் பத்து நிமிடம் பாருங்கள், புரியும்.

ஹேலி எப்படி இந்த ஆட்டத்துக்கு வந்தார்? வசதியான குடும்பமா? (கல்லூரி மாணவி)

அவர் பிறந்தது 1978 ஆகஸ்ட் 12-ல், சஸ்காட்சுவான் மாநிலத்தில் ஷானவன் என்கிற சின்ன ஊரில். கோதுமை வயல்களும் நீண்ட குளிர்காலமும் உள்ள சமவெளிப் பிரதேசம் அது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதுவே உறைந்து ஆடுகளமாகிவிடும் குளிர். ஆகவே ஸ்கேட்டிங் பழகப் பெரிய வசதி தேவைப்படவில்லை. அவரது உறவினர் டக் விக்கன்ஹைசரை 1980-ல் மாண்ட்ரியல் அணி, அந்த ஆண்டின் புது ஆட்டக்காரர்கள் தேர்வில் முதல் ஆளாக எடுத்தது. குடும்பத்துக்கு ஆட்டம் புதிதில்லை.

பெண் பிள்ளை ஆடுவதுதான் புதிது. அவர் பிறந்தபோது பெண்களுக்கு உலகப் போட்டி கிடையாது, ஒலிம்பிக்கில் இடம் கிடையாது, காசு தரும் லீக் கிடையாது. ஏணியே இல்லாத வீட்டில் மாடிக்குப் போக ஆசைப்பட்ட கதைதான். சிறு வயதில் ஆண் பிள்ளைகளின் அணிகளில்தான் ஆடினார். அவருக்குப் பதினொரு வயதானபோது, 1990-ல் ஆட்டவாவில் முதல் உலகப் போட்டி நடந்தது. கனடா பெண்களுக்கு என்ன சீருடை கொடுத்தார்கள் தெரியுமா? இளஞ்சிவப்பு. கூட்டம் சேர்க்க அப்படி ஒரு யோசனை! அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே இறுதியில் அமெரிக்காவை 5-2 என்று வீழ்த்தினார்கள்.

அடுத்த ஆண்டு, கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டில் ஆல்பர்ட்டா மாநிலப் பெண்கள் அணிக்காக ஹேலி இறங்கினார். கூட ஆடியவர்கள் இவரைவிட மூத்தவர்கள், இவருக்கு வயது பன்னிரண்டு. இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் இவருடையது. பதினைந்தாவது வயதில் கனடா தேசிய அணி கூப்பிட்டுக்கொண்டது. 1994-ல் லேக் பிளாசிடில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் பள்ளிப் பிள்ளை அவர் ஒருவர்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

பதக்கக் கணக்கைச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். (வங்கி ஊழியர், ஓய்வு)

கணக்குப் பிள்ளைக்குக் கணக்கிலேயே பதில். குளிர்கால ஒலிம்பிக் ஐந்து: 1998 நகானோவில் வெள்ளி, 2002, 2006, 2010, 2014 நான்கிலும் தங்கம். உலகப் போட்டி பதின்மூன்று: தங்கம் 7, வெள்ளி 6. வெறுங்கையோடு திரும்பியது ஒருமுறைகூட இல்லை. கனடாவுக்காக 276 ஆட்டம், 168 கோல், பிறர் கோல் போட வழிசெய்தது 211 முறை. நடுவில் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் அணியிலும் ஆடிவிட்டு வந்தார்.

நீங்கள் வங்கிக்காரர் என்பதால் ஒரு கூடுதல் தகவல். ஒலிம்பிக் வெள்ளி ஒன்று, உலகப் போட்டி வெள்ளி ஆறு, ஆக ஏழு வெள்ளி. ஏழும் ஒரே நாட்டிடம் தோற்றதால் வந்தவை. எந்த நாடு என்று சொல்லவேண்டியதில்லையே?

இரண்டே நாடுகள் மாறிமாறி ஜெயிக்கும் ஆட்டம். இதில் சாம்பியன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? (ஒரு கால்பந்து ரசிகர்)

கோபப்படாமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 2010 வான்கூவரில் கனடா ஸ்லோவாக்கியாவை 18-0 என்று அடித்தது. அந்த ஒலிம்பிக்கிலேயே ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் ஜாக் ரோக், முன்னேற்றம் இல்லாவிட்டால் இப்படியே தொடர முடியாது என்று எச்சரித்தார். உலகப் போட்டியின் இறுதிக்கு கனடா, அமெரிக்கா தவிர மூன்றாவது நாடு ஒன்று வர 2019 ஆகிவிட்டது. அப்போது வந்தது பின்லாந்து. ஒலிம்பிக்கில் ஸ்வீடன் 2006-ல் அமெரிக்காவை அரையிறுதியில் கவிழ்த்தது ஒரு அதிசயம்.

சரி, இப்போது அதே விஷயத்தை ஹேலியின் பக்கத்திலிருந்து பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை உலகப் போட்டி, நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக், அவற்றிலும் சவாலான எதிரணி ஒன்றே ஒன்று. மீதி நாளெல்லாம் யாரோடு ஆடுவது? உலகின் முதல்தர ஆட்டக்காரிக்குத் தன்னைவிட வலுவானவர்களோடு மோதித் தேற இடமில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி, பதக்கங்களுக்கு நடுவே அந்த இடத்தைத் தேடி அவர் அலைந்த அலைச்சல்தான்.

1998-லும் 1999-லும் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் என்ற ஆண்கள் அணி புது ஆட்டக்காரர்களுக்கு நடத்திய முகாமுக்கு அழைக்கப்பட்டுப் போனார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையக் காத்திருந்த வாலிபர்கள். 2002-ல் இரண்டாவது பதக்கமாகத் தங்கமும் அந்த ஒலிம்பிக்கின் சிறந்த ஆட்டக்காரி பட்டமும் வாங்கியபின், ஐரோப்பாவில் ஏதாவது ஆண்கள் லீக்கில் இடம் கிடைக்குமா என்று தேடினார். இத்தாலிக்குப் போக ஆசைப்பட்டார். ஆண்கள் லீக்கில் பெண் ஆடக்கூடாது என்று அங்குள்ள சம்மேளனம் கதவைச் சாத்திவிட்டது. கடைசியில் பின்லாந்தில் ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊர் கிர்க்கோநும்மியின் 'சலாமத்' அணி சேர்த்துக்கொண்டது. சலாமத் என்றால் அவர்கள் மொழியில் மின்னல்கள். பெயரில்தான் மின்னல், ஆடியது அந்நாட்டின் மூன்றாம் நிலை லீக்.

2003 பிப்ரவரி 1 அன்று அங்கே ஒரு கோல் போட்டார். காசு வாங்கி ஆடும் ஆண்கள் லீக்கில் கோல்கீப்பராக இல்லாமல் களத்தில் ஆடிக் கோல் போட்ட முதல் பெண் என்று வரலாறு எழுதிக்கொண்டது. அந்தப் பருவத்தில் மொத்தம் 23 ஆட்டம், 2 கோல், 10 முறை கோலுக்கு உதவி. அணி அடுத்த நிலைக்கு உயர்ந்தது. மறுபடி போனார். இந்த முறை ஆட்டம் கடினம், களத்தில் கிடைத்த நேரமும் குறைவு. பத்து ஆட்டத்தோடு திரும்பிவிட்டார். அத்தோடு விட்டாரா? 2008-ல் ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா ஆண்கள் அணியில் மறுபடி ஆடினார். அப்போது அவருக்கு முப்பது வயது, கையில் இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

23 ஆட்டத்தில் 2 கோல்தானா என்று நீங்கள் சிரிக்கலாம். இடித்துத் தள்ள அனுமதியுள்ள ஆட்டம் அது. தன்னைவிட இருபது கிலோ கனமானவர்கள் வருவார்கள் என்று தெரிந்து, பெஞ்சில் உட்காரவைக்கப்படலாம் என்றும் தெரிந்து, ஒருவர் போயிருக்கிறார். ஒலிம்பிக்கில் அவர் போட்டவை 18 கோல்கள். அந்தப் பதினெட்டையும் ஒரு தட்டில் வைத்து இந்த இரண்டை மறுதட்டில் வைத்தால் என் தராசு இந்தப் பக்கம்தான் சாயும். உங்கள் தராசு வேறாக இருக்கலாம்.

அவர் கோபக்காரராமே? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

2002 சால்ட் லேக் இறுதி ஆட்டம். அதற்கு முன் நடந்த பயிற்சித் தொடரில் எட்டு ஆட்டத்திலும் அமெரிக்கா ஜெயித்திருந்தது. இறுதியில் நடுவரும் அமெரிக்கர். கனடா மீது வரிசையாக எட்டு தண்டனை (தப்பு செய்தவர் சற்று நேரம் வெளியே உட்கார, அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும்). அப்படியும் கனடா 3-2 என்று ஜெயித்தது. உடனே மைக்கைப் பிடித்த ஹேலி, எங்கள் கொடியை அமெரிக்க அணியினர் தங்கள் அறையில் தரையில் போட்டு வைத்திருந்தார்கள், இப்போது அதில் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்கிற மாதிரிப் பொரிந்துவிட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அமெரிக்க வீராங்கனைகள் மறுத்தார்கள். யாரோ சொன்னதை நம்பிப் பேசியது தப்புதான். கோபம் மட்டும் நிஜம்.

நீங்கள் மறக்காத ஒரு ஆட்டம்? (தொடர்ந்து எழுதும் வாசகர்)

2014 சோச்சி. பிப்ரவரி 20. ஆட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அப்போது ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். நம் நேரப்படி இரவு பத்தரைக்கு ஆட்டம் தொடக்கம். கணினியில் வரிவரியாக வந்த வர்ணனையைத்தான் பக்கத்தை முடிக்கும் வேலைக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடக்க விழாவில் நாட்டின் கொடியைப் பிடித்து அணிவகுப்பின் முன்னால் நடந்தவர் ஹேலி. வான்கூவரில் கேப்டனாக இருந்தவர். சோச்சியில் கேப்டன் பொறுப்பு கரோலின் ஊலெட்டிடம் போயிருந்தது. ஹேலிக்கு வயது 35. இறுதியில் அமெரிக்கா 2-0 என்று முன்னால் இருந்தது, ஆட்டம் முடிய நான்கு நிமிடம்கூட இல்லை. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் எனக்குக் கிடைத்தது மூன்று வரி இடம். நேரம் மிச்சமாகட்டுமே என்று, "பெண்கள் ஐஸ் ஹாக்கி: அமெரிக்காவுக்குத் தங்கம்" என்று தலைப்பை முன்கூட்டியே தட்டி வைத்துவிட்டேன்.

3 நிமிடம் 26 விநாடி மிச்சமிருக்கையில் பிரியான் ஜென்னர் ஒன்று போட்டார். 2-1. பரவாயில்லை, தலைப்பு நிற்கும் என்று நினைத்தேன். கனடா கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரியை இறக்கியது. இந்த ஆட்டத்தில் அப்படி ஒரு சூதாட்டம் உண்டு. காலியாகக் கிடந்த கோலை நோக்கி ஓர் அமெரிக்கப் பெண் மறுகோடியிலிருந்து பக்கைத் தட்டிவிட்டார். அது வழுக்கிக்கொண்டே போய்க் கம்பத்தில் மோதி வெளியே வந்தது! வர்ணனையில் "கம்பம்" என்று வந்த அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்புறம் 54.6 விநாடி மிச்சமிருக்கையில் மரி-ஃபிலிப் பூலான் கோல். 2-2.

பக்கம் அச்சுக்குப் போகவேண்டும் என்று அந்தப் பக்கம் சத்தம். "யார் ஜெயித்தால் என்ன, படிக்கப் போவது நாலு பேர்" என்றார் பக்கத்து மேசைக்காரர். கூடுதல் நேரத்தில் ஹேலி தனியாகப் பக்கோடு கோலை நோக்கிப் பாய்கிறார், பின்னால் துரத்திய ஹிலரி நைட் அவரோடு சேர்ந்து விழுகிறார், நைட்டுக்குத் தண்டனை. களத்தில் கனடாவுக்கு ஆள் கூடுதல். 8 நிமிடம் 10-வது விநாடியில் மறுபடியும் பூலான். கனடா 3-2.

ஸ்கோர் அட்டையில் அந்த கோலுக்கு ஹேலியின் பெயர் கிடையாது. அந்த ஓட்டம் இல்லாமல் அந்தத் தண்டனை இல்லை. என் மூன்று வரியில் அதைச் சொல்ல இடமில்லாமல் போனது, அதனால் பதினொரு வருடத்துக்கு மேலாகியும் இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலைப்பை மாற்றிவிட்டேன், கவலை வேண்டாம்.

நன்றாகச் சம்பாதித்திருப்பாரே? (வியாபாரி)

விளம்பரம், உரை என்று அவருக்கு வந்திருக்கும். பொதுவாக இந்த ஆட்டத்தில் பெண்களுக்குக் காசு கிடையாது. கனடாவின் பெண்கள் லீக் ஒன்று 2007-ல் தொடங்கி, பல ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் நடந்து, 2019-ல் மூடப்பட்டது. 2024 புத்தாண்டு அன்று ஆறு அணிகளோடு தொடங்கிய புதிய தொழில்முறை லீக்கில்தான் குறைந்தபட்சம் 35,000 டாலர் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஹேலி ஓய்வை அறிவித்தது 2017 ஜனவரியில். ஏழு வருடம் முந்திப் பிறந்துவிட்டார்.

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகிவிட்டாரா? (மருத்துவக் கல்லூரி மாணவி)

உங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்! கால்கரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்து, 2021-ல் பட்டம் வாங்கினார். படித்துக்கொண்டே 2018-லிருந்து டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஆண்கள் அணியில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பொறுப்பும் பார்த்தார். பிற்பாடு அங்கே துணைப் பொது மேலாளராக உயர்ந்தார். ஒருகாலத்தில் ஆண்கள் அணியில் ஆட வாய்ப்புத் தேடி நாடு நாடாகப் போனவர், பிறகு அதே ஆண்களில் யார் தேறுவார் என்று பார்த்துச் சொல்லும் இடத்துக்கு வந்தார். 2019-ல் ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார், பெண்களில் ஏழாவது.

அவருடைய மருத்துவப் படிப்பு ஒருமுறை உலகச் செய்தியானது. 2020 மார்ச் மாதம். கொரோனா பரவிக்கொண்டிருக்க, டோக்கியோ ஒலிம்பிக் திட்டப்படி நடக்கும் என்று ஒலிம்பிக் குழு சொல்லிக்கொண்டிருந்தது. ஹேலி அப்போது அதே குழுவின் வீரர் ஆணையத்தில் உறுப்பினர். மருத்துவ மாணவியாக அவசரப் பிரிவு நிலவரத்தை நேரில் பார்த்தவர். மார்ச் 17 அன்று, இப்படிப் பிடிவாதம் பிடிப்பது மனித நிலைமையைப் புரிந்துகொள்ளாத பொறுப்பற்ற செயல் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். உள்ளே இருந்துகொண்டு இப்படிப் பேச அப்போது பலருக்கும் வாய் வரவில்லை. ஐந்து நாளில் கனடா தன் வீரர்களை அனுப்பமாட்டோம் என்றது. மேலும் இரண்டு நாளில் ஒலிம்பிக் தள்ளிவைக்கப்பட்டது. இவர் ஒருவர் சொன்னதால்தான் தள்ளிவைத்தார்கள் என்று நான் எழுதினால் அது மிகை. ஆனால் முதலில் பேசியவர்களில் இவர் ஒருவர்.

என் மகள் வீடியோவில் ஐஸ் ஹாக்கி பார்த்துவிட்டு ஆடவேண்டும் என்கிறாள். இந்தியாவில் இது நடக்கிற காரியமா? (ஒரு தந்தை)

நடக்கிறது. லடாக்கில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் பெண்கள் ஆடுகிறார்கள். இயற்கைப் பனி என்பதால் வருடத்தில் சில வாரம்தான் களம் கிடைக்கும். அப்படிப் பழகியவர்கள் நிறைந்த நம் பெண்கள் அணி 2016-ல் முதல்முறை சர்வதேசப் போட்டிக்குப் போனது, 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று கணக்கைத் தொடங்கியது, 2025-ல் அல் அய்ன் நகரில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது.

2018 ஜனவரியில் ஹேலி லே நகரத்துக்கே வந்து, இந்தப் பெண்களோடு பனியில் இறங்கிப் பயிற்சி கொடுத்தார். லே 3,500 மீட்டர் உயரம், புதிதாகப் போகிறவர்களுக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். அதே ஆண்டு நவம்பரில் கால்கரியில் தான் நடத்தும் பெண்கள் ஹாக்கி விழாவுக்கு நம் அணியை அழைத்துக்கொண்டார்.

உங்கள் மகளுக்கு இப்போதைக்குச் சக்கர ஸ்கேட் போதும். ஒரே வரிசையில் சக்கரம் உள்ள வகையாக வாங்குங்கள், பனி ஸ்கேட்டுக்கு அதுதான் நெருக்கம். முழங்காலை மடக்கி நிற்பது, விழுவது, விழுந்து எழுவது எல்லாம் அதிலேயே பழகிவிடும். நிற்பதற்கு பிரேக் போடும் முறை மட்டும் பனியில் வேறு, அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். தலைக்கவசம், முழங்கால் காப்பு கட்டாயம். மகளுக்கு என்ன வயது என்று எழுத மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.